ஒரு மில்லிசெகண்டுக்கு ஓரடி

மாலை நாலு இருபதுக்கு அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். ஏழு இருபதுக்குக் கழற்றுவாள். இடையில் அவளிடம் எதுவும் சொல்ல முடியாது. பால் பொங்கினாலும் சரி, வாசல் மணி அடித்தாலும் சரி, நான்தான் எழுந்து போக வேண்டும். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஆலோசகர் அம்மா. என் மனைவி தன் விவாகரத்து மனுவோடு கொடுத்த வாக்குமூலம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதில் தவறாக எதுவும் இருக்காது. அவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் அவளுக்குக் கருவிகளைப் பற்றித் தெரியாது. அதனால் அந்த விவரங்களை நான் சொல்லிவிடுவது நல்லது.

நான் டப்பிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். திரையில் உதடு அசைந்து, குரல் கொஞ்சம் பிந்தி வந்தால் பார்ப்பவருக்கு எரிச்சல் வரும். எதனால் என்று அவருக்குத் தெரியாது; படம் சரியில்லை என்பார். அந்தப் பிந்தலைச் சரிசெய்வதுதான் என் தொழில். பதினாறு வருடமாகச் செய்கிறேன்.

அவள் கண்ணாடிக் கடையில் காலை முறை வேலை பார்க்கிறாள். மாலையில் டிரம்ஸ். நாலு பேர் கொண்ட ஓர் இசைக்குழு இருக்கிறது. வாரம் ஒரு ஒத்திகை, மாதம் இரண்டு மூன்று நிகழ்ச்சி. முன்பு வீட்டிலும் அசல் டிரம்ஸ்தான் வைத்திருந்தாள். கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை மேலே வந்து சொல்லிப் பார்த்தார். நாலாவது முறை ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் கட்டியபடியே வந்தார்.

"பாருங்க சார், நூத்தி அறுபது. எல்லாம் உங்க வீட்டம்மா உபயம்."

அதனால் நான் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினேன். அவளுக்குத் தெரியாமல் வாங்கி, அவள் வேலைக்குப் போயிருந்தபோது பொருத்தி வைத்தேன். வலை போட்ட தட்டுகள். அவற்றில் அடித்தால் வெளியே 'டப்' என்று மட்டும் கேட்கும். ஒலியெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு கம்பி அந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து ஒரு கம்பி அவள் காதுக்குப் போகும். அதற்குப் பிறகு கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் ஒரே ஒரு முறை நிறுத்தினார். "தினமும் மூணு மணி நேரம் துணி துவைக்கிறீங்களா சார்? வாஷிங் மெஷின் ரிப்பேரா?" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் எல்லாவற்றையும் மாற்றலாம். அடி விழுந்தது சின்ன அறையிலா, பெரிய மண்டபத்திலா. தோல் இறுக்கமா, தளர்வா. நடுவில் இருக்கும் சின்ன டிரம், ஸ்நேர் என்பார்கள், முதலில் தகர டப்பா மாதிரி இருந்தது. அதற்கு மட்டும் பதினோரு மாலை உட்கார்ந்தேன். கூர்மையைக் குறைத்தேன். அடியின் தலையை அமுக்கி வாலை மேலே கொண்டுவந்தேன். மர அறை ஒன்றின் எதிரொலியைச் சேர்த்தேன், மிகக் கொஞ்சமாக. இருக்கும்போது தெரியக் கூடாது. எடுத்துவிட்டால் தெரிய வேண்டும். அவளை உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். நாலு அடி அடித்தாள். நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு 'டப் டப்' என்றுதான் கேட்டது.

நெட்டையனைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அவன் அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். அவளை 'அக்கா' என்பான், என்னை 'மாமா' என்பான். வீட்டுக்கு வந்தால் தலையைக் குனிந்துதான் சமையலறைக்குள் நுழைய முடியும். அவர்களுக்குள் வேறு எதுவும் இல்லை. நான் அப்படி நினைத்ததும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குச் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவை. இது வேறு. அவள் கால் மிதிக்கும் பெரிய டிரம்மும் அவன் விரல் தொடும் கம்பியும் ஒரே கணத்தில் விழும். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நான் அளந்து பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டைப் பதிவு செய்து, இரண்டு ஒலியையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் மூன்று மில்லிசெகண்ட். சில இடங்களில் அதுவும் இல்லை. நானும் அவளும் ஏழு வருடத்தில் ஒரு முறைகூட ஒரே நேரத்தில் சிரித்ததில்லை. ஒருவர் சிரித்து, அதைப் பார்த்து மற்றவர் சிரிப்போம்.

பிப்ரவரியில் ஒரு நிகழ்ச்சி. மண்டபம் சின்னது, சத்தம் கூடாது என்றார்கள். அதனால் அன்று ஒரு நாள் மட்டும் வீட்டு டிரம்ஸை மேடைக்குக் கொண்டுபோனோம். முடிந்த பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு பெண் மேடையோரம் வந்தாள்.

"அந்த நடு டிரம் சத்தம் இருக்கே, அப்படியே நெஞ்சுல வந்து விழுந்துச்சுங்க. எப்படி?"

என் மனைவி கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் கையில இருக்குங்க."

"எங்க அக்கா கையை இன்ஷூர் பண்ணி வைக்கணும்," என்றான் நெட்டையன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். கேபிளை ஒரு சுற்று இப்படி, ஒரு சுற்று அப்படி என்று மாற்றிமாற்றிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். சரியாகத்தான் சுற்றினேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எதையும் செய்கிறவன் நான் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெட்டியில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன்.

அதில் எதிரொலிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எவ்வளவு நேரம் கழித்து எதிரொலி வர வேண்டும், எத்தனை முறை வர வேண்டும், அசல் ஒலி எவ்வளவு, எதிரொலி எவ்வளவு என்றெல்லாம் வைக்கலாம். நான் எதிரொலி ஒரே முறை வந்தால் போதும் என்று வைத்தேன். பிறகு அசல் ஒலியைச் சைபர் ஆக்கினேன். அசல் கேட்காவிட்டால் எதிரொலியை எதிரொலி என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அசல் என்று காது எடுத்துக்கொள்ளும். அடிக்கும் கைக்கும் கேட்கும் காதுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் நுழைந்திருக்கும், அவ்வளவுதான்.

எட்டு மில்லிசெகண்ட் வைத்தேன். ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய ஓரடி போகும். அதாவது அவளுடைய டிரம்ஸை அவளிடமிருந்து எட்டடி தள்ளி வைத்தேன். அவள் கவனிக்கவில்லை. நாலு இருபதுக்கு உட்கார்ந்தாள், ஏழு இருபதுக்கு எழுந்தாள்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் நாலு நாலாகக் கூட்டினேன். வேகமாகக் கூட்டினால் காது கண்டுபிடித்துவிடும். மெதுவாகக் கூட்டினால் கை பழகிக்கொள்ளும். ஒலி பிந்தி வருவதால் கை முந்திப் போகக் கற்றுக்கொள்ளும். அவளுக்கே தெரியாமல் கற்றுக்கொள்ளும். நல்ல கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். அவளுடையது மிக நல்ல கை. இதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

எங்கள் வரவேற்பறையின் நீளம் பன்னிரண்டு அடி. பத்தாவது வாரம், நாற்பத்து நாலடியில், அவளுடைய டிரம்ஸ் தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில் இருந்தது. அவள் இங்கே உட்கார்ந்து அதை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகை அறையில் இருப்பது அசல் டிரம்ஸ். அங்கே அடித்ததும் ஒலி வந்துவிடும். ஆனால் அவள் கை வீட்டுப் பழக்கத்தில் முந்திப் போய் விழும். நான் கூடப் போயிருந்த ஒருநாள், குழுவில் பாடுகிற பெண்தான் அதை முதலில் சொன்னாள்.

"என்னடி, பஸ்ஸைப் பிடிக்கணுமா? ஏன் இந்த ஓட்டம் ஓடுற?"

அவள் சிரித்தாள். மறுபடி வாசித்தார்கள். நெட்டையன் நடுவில் நிறுத்திவிட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அக்கா, நான் எங்க விழணும்னு தெரியலக்கா."

அந்த வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் நன்றாகப் பசித்தது. வயிறாரச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை.

இங்கே அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டீர்கள். தெரியும். திருமணமான முதல் வருடமே சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு முப்பத்தாறு வயதில் நரம்பு நோய் வந்தது. கை, கால், பேச்சு, பிறகு ஞாபகம் என்று ஒவ்வொன்றாகப் போனது. ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார். அது குடும்பத்தில் இறங்கும் நோய். பிள்ளைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். காசைச் சுண்டிப் பார்ப்பதுபோல. வந்தால் மருந்து கிடையாது.

"முதல்ல வெங்காயம் நறுக்குற சத்தம்தான் மாறுச்சு," என்று சொல்லியிருக்கிறாள். "அப்போ எனக்குப் பதினொரு வயசு. அம்மா நறுக்குனா கடிகாரம் மாதிரி இருக்கும். ஒருநாள் தாளம் தப்புச்சு. வீட்ல யாருக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது."

இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அந்த எட்டு மில்லிசெகண்டை வைத்தேனா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். பிறகு நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. பெட்டி இருபத்து நாலில் இருந்தபோது வந்தது. அப்போதும் திங்கட்கிழமை வந்தது.

மே மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது. ஒருநாள் மாலை ஐந்து மணிக்கே ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் என்னைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேன்.

"சவுண்டு," என்றாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "இந்தப் பெட்டியில ஏதாச்சும் மாத்தினியா?"

"இல்லையே. ஏன்மா?"

"கை கனமா இருக்கு. தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு. ஒருவேளை மெஷின்ல கோளாறோ?"

"பார்த்துடலாம்," என்றேன்.

பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சேர்த்திருக்கும் எல்லா வேலைப்பாடும் ஒரேயடியாக விலகி, அசல் ஒலி மட்டும் நிற்கும். அதை அழுத்தினேன். ஹெட்போன் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரின் கம்பியைச் செருகினேன். குச்சியை எடுத்து நானே நாலு அடி அடித்தேன். இரண்டு பேரும் கேட்டோம். அடியும் ஒலியும் ஒன்றாக இருந்தன.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அவள் அதை நம்பினாள். இந்த வீட்டில் ஒலி விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"மெஷின் நல்லாயிருந்தா..." என்றாள்.

நான் பொத்தானை மறுபடி அழுத்திவிட்டுக் காபி போடப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் எங்கள் வாழ்க்கையில் நல்ல காலம். இதை அவள் மனுவில் எழுதியிருக்க மாட்டாள். மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒலியைக் குறைத்துவிட்டுப் படம் பார்ப்போம். தன் கத்தியின் சத்தத்தைத் தானே கேட்கப் பிடிக்காமல் வெங்காயத்தை என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் நறுக்குவேன். "நீ நறுக்கினா கேக்க நல்லா இருக்கு," என்று ஒருநாள் சொன்னாள். ஏழு வருடத்தில் என் கையைப் பற்றி அவள் சொன்ன ஒரே வார்த்தை அது. தெருவில் நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

பயிற்சியை விடவில்லை. பயம் வந்த பிறகு இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்தாள். பயிற்சி செய்யச் செய்ய ஒத்திகையில் இன்னும் முந்தினாள். வேறொருவர் என்றால் பயிற்சியை நிறுத்தியிருப்பார். கை தானாகச் சரியாகியிருக்கும். அவளால் அது முடியாது.

நரம்பு மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

"இப்போதைக்கு எதுவும் தெரியலம்மா. ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்கு. எடுத்துட்டா உண்டு இல்லைன்னு தெரிஞ்சிடும்."

"வேணாம் டாக்டர்."

"சந்தேகத்தோட இருக்கிறதுக்கு..."

"சந்தேகத்தோடவே இருந்துக்கிறேன்."

படி இறங்கும்போது சொன்னாள்: "அம்மாகிட்டயும் முதல் தடவை இதையேதான் சொன்னாங்க. எதுவும் தெரியலன்னு."

ஜூன் கடைசியில் அவள் கருவுற்றிருப்பது தெரிந்தது. ஏழு வருடம் காத்திருந்தோம். அந்தக் காலையில் அவள் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் எதிரில் நின்ற விதத்தை நான் எழுத முயலவில்லை. கொஞ்ச நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போகட்டும். இதுக்கும் வந்தா? பதினொரு வயசுல உட்கார்ந்து என் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கணுமா இது?"

"அதைப்பத்தி இப்போ ஏன்மா..."

"நான் அப்படி உட்கார்ந்திருந்தேன் சவுண்டு. எனக்குத் தெரியும்."

நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. கலைக்கச் சொல்லவும் இல்லை. "உன் இஷ்டம்மா" என்றுதான் சொன்னேன். அந்த வாரம் பெட்டியில் எண்பது இருந்தது. சைபர் ஆக்கலாமா என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். ஆனால் திடீரென்று சைபர் ஆனால் வீட்டிலும் அவள் கை முந்தி விழுந்திருக்கும். இன்னும் பயந்திருப்பாள். அந்த நிலையில் அவளுக்கு அதிர்ச்சி கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எண்பதிலேயே விட்டேன்.

மருத்துவமனையில் கணவர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மேல் போட்டேன். அவள் உள்ளே போகும்போது தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. காரில் ஏறும்போது குடையை அவள் பக்கமே பிடித்தேன். என் தோள் முழுக்க நனைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் காபி போட்டுக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தேன். பெட்டியை முடுக்கி, குமிழை இடது பக்கம் திருப்பினேன். எண்பது சைபரானது. இனி அது தேவையில்லை என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

அவள் அந்த டிரம்ஸில் பிறகு உட்காரவே இல்லை. குழுவிலிருந்து விலகிவிட்டாள். ஆகஸ்டில் நெட்டையன் வந்து வாசலில் நின்றான். அவனிடமே அதைக் கொடுத்துவிட்டாள். "பாத்திரம் விளக்குறப்போ கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குடா. தூக்கிட்டுப் போ," என்றாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தபோது சுவரோரம் வெறுமையாக இருந்தது.

என் தவறு எது என்று கேட்டால், நான் பழையதை அழிக்கவில்லை. எங்கள் தொழிலில் யாரும் அழிக்க மாட்டார்கள். ஒரு மாற்றம் செய்தால் அதற்குத் தனிப் பெயர், தேதி கொடுத்துச் சேமிப்போம். முந்தைய நிலைக்குப் போக வேண்டியிருக்கும், யாராவது கேட்பார்கள். கை தானாகச் செய்துவிடும். அவள் பெயரில் பத்தொன்பது இருந்தன. பத்தொன்பது திங்கட்கிழமை.

நெட்டையன் ஒவ்வொன்றாக அழுத்தி அடித்துப் பார்த்திருக்கிறான். ஏழாவதில் நின்றிருக்கிறான். அவனுக்குப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மூன்று மில்லிசெகண்டுக்குள் விழுகிறவன். அவளுக்குப் போன் செய்து, "அக்கா, நீங்க கொஞ்சம் வந்து கேளுங்க. எனக்குச் சொல்லத் தெரியல," என்றிருக்கிறான். அவள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்தொன்பதுவரை வரிசையாக வாசித்தாளாம். அவன் மாடிப்படியில் காத்திருந்தானாம். இதை அவனே என் ஸ்டூடியோவுக்கு வந்து சொன்னான். அடிப்பான் என்று நினைத்தேன். "மாமா" என்று இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு அழுதுகொண்டே போய்விட்டான். தலையைக் குனியாமல் போனதால் கதவு நிலையில் இடித்துக்கொண்டான்.

பிறகு அவள் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டாள் என்று உங்களிடமிருந்துதான் தெரிந்தது. நோய் இல்லை என்று வந்திருக்கிறது. கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டேன். நான் முதலிலிருந்தே அவள் கைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தவன். அந்த நம்பிக்கை எனக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. அவள் உடம்பின் மேல் என் விரல்கூடப் படவில்லை. அவளுக்கும் அவள் கேட்பதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டேன். அந்த இடத்தில் நானும் இருக்கலாம் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. அவள் திரும்பி வந்தால் நான் பழையதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்ற வியாழக்கிழமை உங்கள் அறையில் எங்களை எதிரெதிரே உட்காரவைத்தீர்கள். என்னிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று அவளைக் கேட்டீர்கள். அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தாள். கை அசையவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் வந்திருந்தேன். அவள் கேட்டது பெட்டியைப் பற்றிய கேள்வி. எனக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்ததை மறைக்கப் போவதில்லை. ஒலியில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவள் கேட்பதற்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை. கேட்டபோது என் கண்ணைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன அன்னைக்குக் காலையில, அந்த எண்பதைச் சைபராக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"